எதிர் தரப்புக்காக எழுதிய பக்கம்

பத்தாவதோடு நின்றவள் நான். நாலு பேர் முன்னால் பேசவே கூச்சப்படுவேன். எழுத வந்தது அதிகப்பிரசங்கித்தனம்தான். பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன ஆடி மாதம், காஞ்சிபுரத்தில் நடந்தது. எங்கள் வீட்டை ஒட்டிய பொதுச் சந்தில்தான் விடியற்காலையில் பாவு என்கிற நீளவாட்டுப் பட்டு இழைகளை இழுத்துக் கட்டி, அறுந்தவற்றை முடிச்சுப் போட்டுச் சேர்ப்போம். பக்கத்து வீட்டார் சந்து முனையில் கேட் வைத்துப் பூட்டப் பார்த்தார்கள். பூட்டினால் பாவு போட இடமில்லை, தறி நின்றுவிடும். தடை கேட்டு வழக்குப் போட்டோம். தங்கள் வீட்டுப் பெரியவருக்கு மறதி நோய், அதற்குத்தான் கேட் என்றார்கள். அதை நாங்கள் சாக்கு என்றே நினைத்தோம்.

விசாரணைக்கு முந்தைய நாள் மாலை, மறுநாள் கொடுக்க வேண்டிய மனுவில் கையெழுத்துப் போட, வக்கீல் சங்கத்துக்கு வரச் சொல்லியிருந்தார் எங்கள் வக்கீலம்மா. அன்று அங்கே வக்கீல்களுக்கு, நீதிபதி மனதில் படும்படி மனு எழுதப் பயிற்சி வகுப்பு. பெயர் சொல்லாமல் எங்கள் வழக்கையே எழுதிப் பார்க்கலாமா என்று கேட்டார். சரி என்று கடைசி வரிசையில் உட்கார்ந்தேன்.

முதலில் எங்கள் பக்கத்தை ஒருவர் வாசித்தார். சொல்லிக்கொடுக்க வந்த மூத்த வக்கீல் பாதியில் நிறுத்தினார்.

"எத்தினி 'மேற்படி'பா? ஜட்ஜு தூங்கிடுவாரு."

எல்லோரும் சிரித்தார்கள்.

அடுத்து ஒரு சின்னப் பெண் எதிர் தரப்புக்காக எழுதியதை வாசித்தாள். 'விடியற்காலையில் பெரியவர் கதவைத் திறந்து வெளியே வருகிறார். இது தன் தெரு என்பதே அவருக்குத் தெரியாது. சந்து திறந்திருக்கிறது. அதைத் தாண்டினால் லாரிகள் ஓடும் சாலை. மகள் விழித்துப் பார்க்கிறாள். பாய் காலியாகக் கிடக்கிறது.'

"கேட் வேணும்னு யார் சொல்றீங்க?" என்று கேட்டார் மூத்த வக்கீல்.

ஏறக்குறைய எல்லாக் கையும் உயர்ந்தது. எனக்கே கை தூக்கத் தோன்றியது.

வக்கீலம்மா என் பக்கத்தில் வந்து குனிந்தார். "நாளைக்கு அவங்க இப்படிச் சொன்னா நம்ம மனு நிக்காதுக்கா. கேட் வைக்கவே கூடாதுன்னு கேக்கப் போறோமா?"

வெளியே வந்து என் வீட்டுக்காரருக்குப் போன் செய்து, கேட் இருக்கட்டும் என்று விட்டுவிடலாமா என்று கேட்டேன்.

"இன்னாமே, கோர்ட்டுக்குப் போறதுக்கு முன்னாடியே தோத்துட்டு வரியா?"

"அந்தப் பெரியவரு ரோட்டுல போயி நின்னுக்கினு இருந்தா நாம இன்னா பண்றது, சொல்லு."

அவர் தறியை நிறுத்தும் சத்தம் கேட்டது.

"ஒரு சாவி நம்மகிட்ட இருக்கணும். அத எழுதச் சொல்லு," என்றார் கடைசியில்.

வக்கீலம்மா மனுவை மாற்றி எழுதினார். முதல் பத்தியிலேயே அந்தப் பெரியவர் வந்தார். பாவு அதற்குப் பிறகுதான். வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்டு, கையெழுத்துப் போட்டேன்.

ஒரே சுவர்தான் இரண்டு வீட்டுக்கும். அந்த வீட்டு விடியற்காலை எப்படி இருக்கும் என்பதை முன்பின் தெரியாத ஒரு பெண் வாசித்துத்தான் நான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. இன்றும் யார் மீதாவது கோபம் வந்தால், அவர்கள் பக்கத்தை ஒருமுறை மனதுக்குள் எழுதிப் பார்க்கிறேன்.

கையெழுத்துப் போட்ட மறுநாள் நீதிமன்றத்தில், கேட்டுக்கு இரண்டு சாவி, வீட்டுக்கு ஒன்று என்று இரு தரப்பும் ஒப்புக்கொண்டோம்.