ஆட்டுக்கு வராத இருமல்

கந்தர்வகோட்டை ரோட்டுக்குக் கிழக்கே, செம்மண் காட்டு ஓரத்து ஊரில் முந்திரிக்கொட்டை வறுத்துப் பிழைத்தவன் சோலையப்பன். கோடையில் தோப்புக்காரர்களிடம் கொட்டை வாங்கி வருவான். வீட்டுக்குப் பின்னால் சுவரில்லாத ஒரு கொட்டகை. கோடைக்குக் கோடை அதில் கல் கூட்டி அடுப்பு மூட்டி, பெரிய சட்டியில் போட்டு வறுப்பான். பெண்டாட்டி முனியாயி, ஓட்டு எண்ணெய் பட்டுப் புண்ணாகாமல் கையில் சாம்பலைப் பூசிக்கொண்டு ஒவ்வொன்றாக உடைத்துப் பருப்பெடுப்பாள். பருப்பு புதுக்கோட்டைச் சந்தைக்குப் போகும். ஓடு வீட்டில் குவிந்து கிடக்கும்.

ஆளை ஊரில் யாரும் கெட்டிக்காரன் என்று சொன்னதில்லை. எதைக் கண்டாலும் அது ஏன் அப்படி என்று நின்றுவிடுவான். எறும்புச் சாரை ஏன் சாம்பலைச் சுற்றிக்கொண்டு போகிறது என்று பார்த்துக்கொண்டே ஒரு சட்டிக் கொட்டையைக் கருக்கியவன் அவன். அன்றைக்கு முனியாயி விளக்குமாற்றோடு அவனைத் துரத்தியதை ஊரே வேடிக்கை பார்த்தது.

வீட்டில் அவனுடைய அக்கா இருளாயியும் இருந்தாள். புருஷன் செத்தபின் தம்பியோடு வந்துவிட்டவள். வாய் பெரிசு. ஆனால் தம்பி மகள் பொன்னுத்தாய்க்கு ஒன்று என்றால் முதலில் பதறுகிறவளும் அவள்தான்.

பதறும்படிதான் இருந்தது அந்தப் பிள்ளையின் பாடு. மூன்று வயசு. ஐப்பசி மழை பிடித்தால் அவளை இழுப்புப் பிடிக்கும். நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்துவது போல ஒரு சத்தம். தொண்டைக்குக் கீழே குழி விழுந்து விழுந்து எழும். பார்க்கிறவனுக்கு மூச்சு முட்டும். கோடை வந்துவிட்டால் காடு மேடெல்லாம் ஓடுவாள்.

“ஈரக்காத்து சேரலை புள்ளைக்கி” என்றாள் இருளாயி. அதற்கு வேண்டியதை அவளே செய்தாள். வாசலில் சாக்குத் தொங்கவிட்டாள். சுவருக்கும் கூரைக்கும் நடுவே இருந்த சந்தில் வைக்கோலைத் திணித்தாள். ஈரத்தரை ஆகாது என்று பழஞ்சேலையில் தூளி கட்டி, விட்டத்தை ஒட்டி உசத்தித் தொங்கவிட்டாள். அடுப்பை அணையவே விடவில்லை. யுத்த காலம் அது. விறகு நனைந்து கிடந்தது, மண்ணெண்ணெயைக் கண்ணால் பார்க்க முடியவில்லை. முந்திரி ஓட்டுக்கு அந்தக் கவலை கிடையாது. எண்ணெய் ஊறிய ஓடு, நனைந்தாலும் பற்றிக்கொள்ளும். சமையலுக்கும் அதுதான், வெளிச்சத்துக்கும் அதுதான், பிள்ளைக்குக் கணப்பும் அதுதான். அண்டை வீட்டுக்காரிகள் அடுப்பை ஊதி ஊதிச் சாகும்போது இந்த வீட்டு அடுப்பு மட்டும் திகுதிகுவென்று எரியும். இருளாயிக்கு அதில் தனிப் பெருமை.

அந்த வருஷம் இழுப்பு ரொம்பக் கடுமை. சோலையப்பன் தலையில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு, பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு தூறலில் நடந்து, ரோட்டில் ஒரு வண்டியைப் பிடித்து டவுன் ஆஸ்பத்திரிக்குப் போனான். பாதி வழியிலேயே நெஞ்சுச் சத்தம் குறைந்தது. ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் சாரல் அடிக்கிறது, காற்று வீசுகிறது. பிள்ளையோ பக்கத்து நோயாளியிடம் பன் ரொட்டி வாங்கித் தின்றுகொண்டு சிரிக்கிறது. டாக்டர் சிவப்பு மருந்தில் ஒரு வாய் அங்கேயே ஊற்றிவிட்டு, மீதியைக் கையில் கொடுத்து அனுப்பினார். வீட்டுக்கு வந்து அதே மருந்தைக் கொடுத்தார்கள். விளக்கு வைக்கிற நேரத்துக்கெல்லாம் பூனைக்குட்டி திரும்பக் கத்த ஆரம்பித்துவிட்டது.

“அங்கன கேட்ட மருந்து இங்கன ஏன் கேக்கலை?” என்றான் சோலையப்பன்.

“வண்டியில குலுங்கிக் கெட்டுப் போயிருக்கும்” என்றாள் முனியாயி.

இருளாயிக்கு அது விளையாட்டாகப் படவில்லை. “மருந்தும் வேணாம் மாயமும் வேணாம். வெள்ளிக்கிழமை பிச்சையை வரச் சொல்லிட்டேன். நெஞ்சுல சூடு போட்டாத்தான் இது அடங்கும்.”

பிச்சை என்பவர் பிள்ளைகளுக்குச் சூடு போடுகிறவர். விரலி மஞ்சளை நெருப்பில் காட்டிக் கனிய வைத்து, நெஞ்சில் ஒரு இழுப்பு இழுப்பார். மேலத்தெரு மதுரைவீரன் மகனுக்கு அப்படிப் போட்ட புண் புரையோடி, பையன் மாசக்கணக்கில் மல்லாக்கவே கிடந்தான். அதைச் சோலையப்பன் பார்த்திருக்கிறான். வேண்டாம் என்று சொல்ல வாய் வந்தது. வேறு என்ன செய்வாய் என்று அக்கா கேட்டால் சொல்லப் பதில் இல்லை. வெள்ளிக்கிழமைக்குள் காரணத்தைக் கண்டுபிடிக்காவிட்டால் பிள்ளையின் நெஞ்சு வேகும். அவ்வளவுதான் அவனுக்குத் தெரிந்தது.

ஆஸ்பத்திரியில் இல்லாதது வீட்டில் என்ன இருக்கிறது? முதலில் ஆட்டைச் சந்தேகப்பட்டான். மழைக்கு வீட்டுக்குள் கட்டியிருந்த வெள்ளாட்டை அவிழ்த்துக் கொட்டகையில் கட்டினான். அது ஊரைக் கூட்டியது.

“ஆடு செத்தா அப்புறம் உங்களைத்தான் கறக்கணும்” என்றாள் முனியாயி.

பிள்ளைக்கு இழுப்பு நிற்கவில்லை. ஆடு உள்ளே வந்தது. அடுத்து கம்பளியைத் தூக்கி வெளியே போட்டான். அதற்கும் நிற்கவில்லை. சுவரில் திணித்த வைக்கோலை மோந்து மோந்து பார்த்துத் தும்மினான். இருளாயி தலையில் அடித்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை மத்தியானம் மழை கொட்டியது. இருளாயி ஓட்டை அள்ளி அடுப்பில் போட்டுவிட்டுச் சோறு வடித்தாள். தூளிக்குள் பிள்ளை விசில் ஊதுகிறது. கீழே சோலையப்பன் குத்துக்கால் வைத்து உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் ஆடு தழையை மென்றுகொண்டிருந்தது. அவன் அதையே பார்த்தான். ஒரே வீடு, ஒரே சாக்கு, ஒரே அடுப்பு. இந்த மூதேவிக்கு ஏன் ஒரு இருமல்கூட வரவில்லை?

பிள்ளையைத் தூக்கலாம் என்று எழுந்தான். கண் எரிந்தது, தொண்டை கமறியது, இருமினான். உட்கார்ந்தான். ஒன்றுமில்லை. எழுந்தான். எரிந்தது. திரும்ப உட்கார்ந்தான். திரும்ப எழுந்தான்.

“என்னடா தோப்புக்கரணம் போடுறே? இங்க எந்தப் பிள்ளையாரு உக்காந்திருக்காரு?” என்றாள் இருளாயி.

அவன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். கீழ்ப்பாதி மண் நிறம். மேல்பாதி கறுப்பு. குளத்தில் தண்ணீர் நின்ற தடம் போல நடுவில் ஒரு கோடு. அடைத்த கூரைக்குக் கீழே, வெளியேற வழியில்லாமல் புகை தேங்கி நிற்கிறது. ஆடு கோட்டுக்குக் கீழே. தூளி கோட்டுக்கு மேலே. பிள்ளையைக் கொண்டுபோய் அந்தப் புகைக்குள்தான் தொங்கவிட்டிருக்கிறார்கள்.

“அக்கா, நீ ஏணி வச்சுத் தேடுனாலும் இதைவிட மோசமான எடம் கெடைக்காது” என்று சொல்லிப் பிள்ளையை வாரி எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனான்.

“மழைக்குள்ளயா? கொல்லப் பாக்குறியாடா அவளை? ஏ முனியாயி, ஒன் புருசனுக்குப் புத்தி கெட்டுப் போச்சு. போய்ப் புடுங்குடீ புள்ளைய!”

முனியாயி பிடுங்கப் போகவில்லை. பாயையும் சாக்கையும் எடுத்துக்கொண்டு புருஷன் பின்னாலேயே போனாள். சாரல் படாத மூலையில் விரித்தாள். பிறகு சொன்னாள், “எனக்குந்தான் அடுப்படியை விட்டு வெளிய வந்தா நெஞ்சடைப்பு விடுது.”

“இதை ஏன் சொல்லலை நீ?”

“நீங்க எறும்பைக் கேட்டீங்க, ஆட்டைக் கேட்டீங்க. என்னையக் கேட்டீங்களா?”

சோலையப்பன் சாக்கை இழுத்துப் பிள்ளைக்குப் போர்த்துகிற மாதிரிக் குனிந்துகொண்டான்.

விடிந்தது. தூறல் நிற்கவில்லை. பிச்சை குடையை மடக்கிக்கொண்டு வந்து சேர்ந்தார். மடியில் மஞ்சள் முடிச்சு. “எங்க தாயி புள்ள? நெருப்பு கொண்டாங்க” என்றார்.

இருளாயி கொட்டகைக்கு வந்தாள். சாக்கை விலக்கினாள். பிள்ளை வாயைத் திறந்துகொண்டு தூங்கியது. குனிந்து நெஞ்சில் காதை வைத்தாள். மூவரும் அவள் முகத்தையே பார்த்தார்கள். சோலையப்பனுக்குத் தன் மூச்சுச் சத்தமே இடைஞ்சலாக இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து அவள் அந்தக் காதை எடுத்துவிட்டு மறுகாதை வைத்தாள்.

நிமிர்ந்தபோது யாரையும் பார்க்கவில்லை. “அடுப்பு இன்னும் பத்த வைக்கலண்ணே” என்றாள்.

“அதனால என்ன, அண்டை வீட்டுல ஒரு கங்கு வாங்கிட்டு வா.”

“ஊரு பூரா ஈர வெறகு. யாரு வீட்டுலயும் இருக்காது. நீங்க ஒரு வாய் வெத்தலை போட்டுட்டுப் போங்க.”

பிச்சைக்கு விஷயம் புரிந்துவிட்டது. கோபப்படவில்லை. வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவினார். சோலையப்பன் அவர் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தான்.

“அண்ணே, ஒரு சந்தேகம். அதே பொகையில நாங்களும்தான் கெடந்தோம். எங்களுக்கெல்லாம் இருமலோட போச்சு. இவளுக்கு மட்டும் ஏன் இழுக்குது?”

“அது தெரிஞ்சா நான் ஏன்ப்பா மஞ்சளை மடியில கட்டிக்கிட்டு மழையில அலையுறேன்?” என்றார் பிச்சை.

இழுப்பு அத்தோடு ஒழிந்துபோகவில்லை. தை மாசம் களத்துத் தூசியில் ஒருதடவை எட்டிப் பார்த்தது. ஏன் என்று கேட்டுக்கொண்டு சோலையப்பன் களத்துக்குப் போய் நின்றான். அது பிறகு.

அன்றைக்கு, பிச்சை தெருமுனை தாண்டும் வரைக்கும் இருளாயி பார்த்துக்கொண்டு நின்றாள். பொன்னுத்தாய் எழுந்து கஞ்சி கேட்டாள். இருளாயி வீட்டுக்குள் போனாள். உள்ளே கல் இடிபடும் சத்தம் கேட்டது. அடுப்புக் கல் ஒன்றை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, மழையில் நனைந்தபடி சுவரில்லாத கொட்டகைக்கு வந்து தொப்பென்று போட்டாள்.

“பாத்துக்கிட்டே நிக்காதடா. மிச்சக் கல்லை எடுத்துட்டு வா. புள்ள பசிக்குதுங்குது.”