கைதட்டு விழாத இடம்

கிள்ளானில் என் பெயரில் லோரிப் பட்டறை ஓடுகிறது. பக்கத்திலேயே இரண்டு மாடிக் கடைவீடு. கம்பம் என்று நாங்கள் சொல்லும் எங்கள் குடியிருப்பின் கோயிலுக்குக் கூரை போட்டுக் கொடுத்தவன் நான். இரண்டு பிள்ளைகளைச் சீமைக்கு அனுப்பிப் படிக்க வைத்தவனும் நானே. என் படிப்போ இரண்டாம் வகுப்பு. யுத்தத்தில் ஜப்பான்காரன் வந்தான், பள்ளிக்கூடம் அதோடு போச்சு. இதையெல்லாம் சொன்னால் தலையாட்டுகிறவர்கள், ஒரு பாட்டும் கட்டியிருக்கிறேன் என்றால் மட்டும் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். முதலில் கதையைக் கேளுங்கள்.

அப்போது எனக்கு எட்டு வயது. அப்பா காய்ச்சலில் போய்ச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே கோட்டர்ஸில், அம்மாவின் தம்பியான என் மாமா வீட்டில் இருந்தோம். அவர் சம்பளம்தான் மூன்று பேருக்கும் கஞ்சி. மாமா ஆர்மோனியம் வாசிப்பார். ரயில்வே பட்டறையில் இடதுகை நசுங்கியதிலிருந்து அவருக்குத் துருத்தி போட்டது நான். துருத்தி இல்லாவிட்டால் ஆர்மோனியம் வெறும் பெட்டி. இதையும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஜப்பான்காரன் சயாமில் தண்டவாளம் போட ஆள் பிடித்த காலம் அது, போனவர்கள் திரும்பியதாகக் கேள்வியில்லை. ஒரு நாள் ஜப்பான் அதிகாரி ஒருவன் வாசலில் வந்து நின்றான். கூட ஒரு தமிழ்க் கிராணி, ஆபீஸ் குமாஸ்தா, அவன் பேச்சை மொழிபெயர்க்கும் துபாசி. 'புது வாழ்வு, புது நாடு' என்று கிராணியே எழுதிய வரிகளை, மெட்டுப் போடச் சொல்லி மாமா கையில் கொடுத்தார்கள். வெள்ளிக்கிழமை வண்டி கிளம்பும்போது ஆட்கள் இதைப் பாடிக்கொண்டே ஏற வேண்டுமாம்.

"மெட்டு வரலைன்னா நீயும் அதே வண்டியில ஏறிக்கன்னு சொல்றான்" என்றார் கிராணி. மாமாவின் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார்.

மாமாவுக்கு எப்போதும் மெட்டுதான் முதலில். வார்த்தையை ஓரமாக வைத்துவிட்டு 'தன்னன்னா' என்று தேடுவார். மெட்டு பிடிபட்டபிறகு வார்த்தையை உட்கார வைப்பார். அந்த வாரம் எதுவும் பிடிபடவில்லை. முதல் மெட்டு பஜனை மாதிரி இருந்தது. கிராணி கேட்டுவிட்டு, "இத கேட்டா சம்மணம் போட்டு உக்காந்துருவானுங்க, நடக்க மாட்டானுங்க" என்றார். அடுத்தது நாடகத்தில் ராஜா வருகிற மெட்டு. "யாருண்ணே ராஜா இங்க?" என்றார். வியாழக்கிழமை வந்துவிட்டது. அம்மா மாமாவின் சட்டைகளைத் துவைத்து ஒரு பையில் மடித்து வைத்தாள்.

மாமா ஆர்மோனியக் கட்டையில் விரலை வைத்தபடி சும்மா இருந்தார். எனக்கோ சலிப்பு. துருத்தியை வேக வேகமாக அடித்துக்கொண்டு, அந்த வேகத்துக்கே வாயில் வந்ததை முனகினேன்.

"டேய், நிறுத்தாத! என்னது அது?"

"அம்மா கிழங்கு சீவும்போது பாடுவாங்களே, அது."

மாமா அதை வாசித்தார். ஒவ்வொரு வரியின் முடிவிலும் அம்மா குரலை இழுத்து விம்முகிற இடம் ஒன்று உண்டு. அந்த இழுப்பை வெட்டிவிட்டு, அங்கே ஒரு கைதட்டு வைத்தார். சட்டென்று பாட்டு எழுந்து நடக்க ஆரம்பித்தது. அடுப்படியிலிருந்து அம்மா வந்து நின்றாள், கையில் கத்தியும் பாதி சீவிய மரவள்ளிக்கிழங்குமாக.

"தம்பி, அது அவரு போய்ச் சேர்ந்தப்போ பாடினதுடா."

"தெரியும்க்கா. வேற வரமாட்டேங்குது."

அம்மா மாமாவின் துணிப் பையைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "இன்னும் வேகமா வாசி. மெதுவா போனா பொம்பளைங்க கண்டுபிடிச்சிருவாங்க."

வெள்ளிக்கிழமை ஸ்டேஷனில் தோட்டத்து ஆட்களை வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். வேலிக்கு வெளியே அவர்கள் பெண்டாட்டிகள், தாய்மார்கள். நான் துருத்தி போட்டேன், மாமா வரி வரியாகப் பாட, ஆட்கள் திருப்பிப் பாடினார்கள். இரண்டு வரி நன்றாகத்தான் போனது. ஆனால் கைதட்டு விழவில்லை. எப்படி விழும்? ஆளுக்கொரு மூட்டை, இரண்டு கையும் அதில். வீட்டில் உட்கார்ந்து பாட்டுக் கட்டியபோது மாமா அதை நினைக்கவே இல்லை. பசித்த ஆட்களின் நடை இழுத்தது, பாட்டும் இழுத்தது. வரிக்கு வரி அந்த இடம் காலியாக நின்றது. நான்காவது வரியில், வேலிக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு பெண் அங்கே விம்மினாள். பிறகு இன்னொருத்தி. பிறகு எல்லோரும், மாரில் அடித்துக்கொண்டு, சரியாக அதே இடத்தில்.

"அடிடா, நிறுத்தாத" என்றார் மாமா பல்லைக் கடித்துக்கொண்டு. அதிகாரி கிராணியிடம் திரும்பி ஏதோ கேட்டான். கிராணிக்கு அது ஒப்பாரி என்று தெரியாமலா இருக்கும்? அவர் குடித்ததும் ஒரு தமிழச்சியின் பால்தானே. ஜப்பான் மொழியில் ஏதோ சொன்னார். அதிகாரி தலையாட்டினான்.

'பாட்டு அவ்வளவு நன்றாக இருக்கிறதாம், அதனால் அழுகிறார்கள்' என்றாராம். மாமா பிற்பாடு சொன்னது. அந்தப் பொய்யை அன்று நம்பியது இரண்டு பேர்: அதிகாரி ஒருவன், அதைக் கேட்காமலே நான் ஒருவன். என் பாட்டுக்கு ஊரே அழுகிறது என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு துருத்தி அடித்தேன்.

மாமா வண்டி ஏறவில்லை. ஒரு பை அரிசி கிடைத்தது. இனி ஒவ்வொரு வண்டிக்கும் வந்து வாசிக்கச் சொல்லி உத்தரவும் கிடைத்தது. அம்மா சோறு வடித்து எனக்கு மட்டும் போட்டாள். தனக்குக் கிழங்கே போதும் என்றாள். மாமாவும் கிழங்கைத்தான் எடுத்துக்கொண்டார். அரிசிச் சோறு கிடைத்தும் பெரியவர்களுக்கு ருசி தெரியவில்லையே என்று நான் அதிசயப்பட்டேன்.

இப்போது எங்கள் ஊர்த் தமிழர் சங்கத்தில் சயாம் போனவர்களை நினைத்து வருஷாவருஷம் அந்த மெட்டில் பாடுகிறார்கள். மெட்டு என்று மாமா பெயரை மட்டும் வாசிக்கிறார்கள். தப்பு. மெட்டு அம்மாவுடையது, கைதட்டு மாமாவுடையது, வேகம் என்னுடையது. விம்மல் அந்தப் பெண்களுடையது. அவர்கள் பெயர் ஒன்றுகூட யாருக்கும் தெரியாது. என் பெயர் எல்லோருக்கும் தெரியுமே, சேர்த்து வாசிக்க என்ன கஷ்டம்?