காப்புக் கட்டிய வாரத்தில் ஓர் ஊசி

என் ஓரகத்தியைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியை நான் பார்த்ததில்லை. பல்லி விழுந்தால் அலறுவாள். பூந்தமல்லிக்குப் பஸ் ஏறினால், கண்டக்டரிடம் டிக்கெட் கேட்கக்கூட என் முழங்கையை இடிப்பாள். கல்யாணமாகிப் பாரிவாக்கத்துக்கு வந்த நாளிலிருந்து புருஷனிடம் அவள் எதிர்த்துப் பேசியதே கிடையாது.

அவள் புருஷன், அதாவது என் கொழுந்தன், இதற்கு நேர் எதிர். அம்பத்தூரில் கம்பெனி வேலை. வயலெல்லாம் பிளாட்டாகிக்கொண்டிருந்த எண்பதுகளின் கடைசி அது. யார் வீட்டில் பாம்பு நுழைந்தாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். வெறுங்கையால் பிடித்துத் தூக்கிக்கொண்டு போவான். எதற்கும் பயப்படாதவன் என்று தெருவே சொல்லும்; அவனும் மறுக்க மாட்டான்.

என் குணம் வேறு. யாராவது ‘செய்யாதே’ என்று சொன்னால் போதும், அதைச் செய்துவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பேன். என் மகனுக்கு எல்லா ஊசியும் போட்டது அப்படித்தான். பாதி அறிவு, பாதி வீம்பு.

அந்த வருஷம் ஆடியில் சிக்கல் வந்தது. ஓரகத்தியின் மகளுக்கு ஒன்பது மாதம் முடிந்திருந்தது. மணல்வாரி அம்மைக்கு ஊசி போடுகிற வயது. புதன்கிழமை பால்வாடிக்கு வருவதாக நர்சம்மா சொல்லிவிட்டுப் போயிருந்தார். ஆனால் அதற்கு முந்தைய ஞாயிறே மாரியம்மன் கோயிலில் காப்புக் கட்டிவிட்டார்கள். காப்புக் கட்டினால், கூழ் ஊற்றி முடியும் வரை ஊரே விரதம். மணல்வாரியை எங்கள் தெருவில் யாரும் நோய் என்று சொல்ல மாட்டார்கள், அம்மன் வந்து இறங்கியிருக்கிறாள் என்பார்கள். அவளுக்குக் காப்புக் கட்டிய வாரத்தில் அவளுக்கு எதிராகவே ஊசியா? ஒருத்தரும் துணியவில்லை. பின் தெருவிலோ ஏற்கெனவே இரண்டு வீட்டு வாசலில் வேப்பிலை தொங்கியது. அதில் ஒரு குழந்தைக்கு மூச்சு இழுக்கிறது என்று பேச்சு.

“எம் பொண்ணுக்கு ஒண்ணும் ஆவாது. ஊசியும் வாணாம், ஒண்ணும் வாணாம்” என்று முடித்துவிட்டான் கொழுந்தன்.

நான் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு சண்டைக்குக் கிளம்பினேன். ஓரகத்தி என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

“நீங்க ஒண்ணும் கேக்காதீங்கக்கா. கேக்க வேண்டியவங்கள நானே கேட்டுக்கறேன்.”

புதன்கிழமை காலை குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, அக்குளில் குடையை இடுக்கிக்கொண்டு, என்னையும் கூட்டிக்கொண்டு, அவள் நேரே கோயிலுக்குத்தான் போனாள். பூசாரி இல்லாத நேரம். சன்னதி முன்னால் நின்று வாய்விட்டே பேசினாள்.

“தாயே, உன்னக் கண்டாலும் பயமா கீது, அந்த மணல்வாரிய நெனச்சாலும் பயமா கீது. ஊட்டுக்காரருக்குப் பயமே கெடையாது, அவுரு சும்மா கீறாரு. என்னால அப்டி இருக்க முடியல. ஊசி போடப் போறேன். கோவம் வந்தா என்னக் கேளு. கொழந்தைய ஒண்ணும் பண்ணிடாத.”

என் வீம்பெல்லாம் மனுஷர்களிடம்தான். இவளோ அம்மனையே நம்பி, அம்மனுக்கே நடுங்கி, அவளிடமே சொல்லிவிட்டுச் செய்கிறாள். இத்தனை நெஞ்சுரம் இவளுக்குள் எங்கே இருந்தது என்று அவளையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

பால்வாடியில் எங்களைத் தவிர யாரும் வரவில்லை. நர்சம்மா மருந்தை ஏற்றும்போது ஓரகத்தி ஓரடி பின்னால் நகர்ந்தாள். “குடு, நான் புடிச்சிக்கறேன்” என்றேன்.

“வாணாங்க்கா, என்கிட்டயே இருக்கட்டும்” என்று குழந்தையின் கையை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்து வாசலில் சைக்கிளுக்கு ஸ்டாண்டு போடும் சத்தம். இரவு ஷிப்டு முடிந்து வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தவனிடம் யாரோ போய்ச் சொல்லியிருக்கிறார்கள். “இன்னாடி பண்ற?” என்று கத்திக்கொண்டே உள்ளே வந்த கொழுந்தன், ஊசி முனையைப் பார்த்ததும் அப்படியே நின்றான். முகம் வெளுத்துவிட்டது. சட்டென்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். பாம்பு பிடிக்கிற கை, சட்டை நுனியைப் போட்டுப் பிசைந்துகொண்டிருந்தது. குழந்தை வீறிட்டபோது அவன் தோள் குலுங்கியது. இவன் ஊசி வேண்டாமென்றது காப்புக்காகவும் இல்லை, அம்மனுக்காகவும் இல்லை, மகள் வலியில் அழுவதைப் பார்க்க இவனுக்குத் தைரியம் இல்லை என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

வெளியே வந்தோம். வெயில் கொளுத்தியது. அவன் ஏதாவது சொன்னால் திருப்பிக் கொடுக்க நான் வாயைத் தயாராக வைத்திருந்தேன். அவன் அவளிடம் மெதுவாகத்தான் கேட்டான்.

“ஒனக்கு பயமா இல்லியா?”

“பயமாத்தான் கீது” என்றாள் ஓரகத்தி. அழுதுகொண்டிருந்த மகளைத் தோளில் சாய்த்துக்கொண்டாள். பிறகு, கல்யாணமானதிலிருந்து முதல் முறையாக, புருஷனுக்கு ஒரு வேலை சொன்னாள்.

“கொழந்த மேல வெயிலு படுது. இந்தக் கொடையப் புடிங்க.”

அவன் சைக்கிளை அங்கேயே விட்டுவிட்டுக் குடையை வாங்கிக்கொண்டான். கோயில் தெரு வழியாக, ஊரே பார்க்க, வீடு வரைக்கும் பிடித்துக்கொண்டு வந்தான்.