பெயர் எழுதாத ஜெபக்குறிப்பு

சனிக்கிழமை நாலு மணிக்கு ஆஸ்பெஸ்டாஸ் கூரையிலிருந்து இறங்கும் வெக்கையில் பிளாஸ்டிக் நாற்காலி முதுகோடு ஒட்டிக்கொள்ளும். எழுந்தால் சட்டையைப் பிடித்து இழுக்கும். பெருங்களத்தூரில் தண்டவாளத்தை ஒட்டியிருந்த எங்கள் சின்னச் சபையின் "வாலிபர் கூட்டம்" அந்த வெக்கையில்தான் நடக்கும். பதினேழு வயதில் நான்தான் அதற்கு "லீடர்". மின்சார ரயில் போகும்போதெல்லாம் ஜெபத்தைக் கத்திச் சொல்ல வேண்டும் என்பதால் பெரிய தொண்டைக்காரியான என்னைப் பிடித்துப் போட்டார்களே தவிர, வேறு தகுதி எனக்கு இருந்ததாக நினைவில்லை.

கூட்டம் தொடங்குமுன் ஆளுக்கொரு துண்டுத் தாளில் "ஜெபக்குறிப்பு" எழுதி பிஸ்கட் டப்பாவில் போடுவோம். "பேர் எழுதாதீங்க, ஆண்டவருக்குத் தெரியும்" என்பார் பாஸ்டரின் மனைவி. நாங்கள் அவரைப் பாஸ்டரம்மா என்போம். எல்லோரும் கண்ணை மூடியிருக்க, லீடர் ஒவ்வொன்றாகப் பிரித்துச் சத்தமாக ஜெபிக்க வேண்டும். பரீட்சை, வேலை, தம்பிக்குக் காய்ச்சல் என்றுதான் பெரும்பாலும் இருக்கும். வீட்டுச் சண்டை ஏதாவது வந்தால் "ஒரு குடும்பத்துக்காக" என்று பட்டும் படாமலும் சொல்லிவிட்டுக் கடந்துபோவதே எங்கள் வழக்கம்.

ஜெனிபர் என் வயதுக்காரி. எனக்கு வராத பாட்டு அவளுக்கு வந்தது. அந்த வருஷம் கிறிஸ்துமஸ் ஆராதனையை முன்னால் நின்று பாடி அவளே நடத்தட்டும் என்று பாஸ்டர் சொல்லிவிட்டார். எனக்கு வயிறு எரிந்தது. அதற்கு நாகரிகமான வார்த்தை தேட எனக்கு விருப்பமில்லை.

அடுத்த சனிக்கிழமை நான் பிரித்த மூன்றாவது சீட்டில், "அப்பா மறுபடியும் குடிக்கிறார், அம்மாவை அடிக்கிறார், வெளியே தெரிந்தால் அம்மாவைக் கொன்றுவிடுவேன் என்கிறார்" என்று இருந்தது. ஜெனிபருடைய பாட்டு நோட்டைப் பார்த்துப் பார்த்து எழுதிக்கொண்டவள் நான், அந்தக் கையெழுத்து எனக்குத் தெரியாதா?

கண்ணை மூடினேன். "ஆண்டவரே, ஞாயிறுதோறும் உம்முடைய வேதத்தை இங்கே வாசித்துவிட்டு, வீட்டில் குடித்து மனைவியை அடிக்கிற தகப்பனை மன்னியும், இங்கே பாடிவிட்டு அங்கே அழுகிற அவர் மகளைத் தேற்றும்" என்றேன். எங்கள் சபையில் வேதம் வாசிப்பவர் ஒரே ஒருவர், அவருக்கு ஒரே மகள். ரயில் வந்தது, குரலை இன்னும் உயர்த்தினேன். முடிந்ததும் எல்லோரும் "ஆமென்" சொன்னார்கள். ஜெனிபரும் சொல்லித்தான் ஆக வேண்டும், சொன்னாள். ஒரு கண்ணைத் திறந்து அதையும் பார்த்துக்கொண்டேன்.

"நல்ல பாரத்தோட, மனசுருகி ஜெபிச்சேம்மா" என்று பாஸ்டரம்மா என் தலையைத் தடவினார். வம்பு பேசியிருந்தால் திட்டியிருப்பார்கள். ஜெபத்தை யார் தட்டிக் கேட்பது?

அதற்குள் யார் வீட்டுப் பிள்ளை போய் ஜெனிபரின் அப்பாவிடம் சொன்னதோ, மறுநாள் வேதம் வாசிக்க வேறொருவர் எழுந்தார். ஜெனிபரின் அம்மா ஆஸ்பத்திரியில் இருப்பதாகச் சொன்னார்கள். "பாத்ரூம்ல வழுக்கிட்டாங்களாம், பாவம்" என்றார் பாஸ்டரம்மா என் முகத்தைப் பார்க்காமல். ஒரே வாரத்தில் அவர்கள் வீட்டைக் காலி செய்துகொண்டு, எங்கே என்று யாரிடமும் சொல்லாமல் போய்விட்டார்கள். கிறிஸ்துமஸ் ஆராதனையை நான்தான் நடத்தினேன். பாட்டு சுமார், ஆனால் கைதட்டினார்கள்.

அந்தச் சபை இருந்த இடம் இப்போது ஓர் அடுக்குமாடியின் கார் நிறுத்தம். துண்டுத் தாள் எழுதும் வழக்கமும் போய்விட்டது. ஜெபக்குறிப்புகள் வாட்ஸ்அப் குழுவில் பெயர், ஊர், நோய் விவரத்தோடு வந்து விழுகின்றன.

போன மாதம் கூடுவாஞ்சேரி ஸ்டேஷனில் ஜெனிபரைப் பார்த்தேன். ஸ்கூல் யூனிபார்மில் இருந்த ஒரு பெண் குழந்தையைக் கையில் பிடித்திருந்தாள். இத்தனை வருஷமாக மனதுக்குள் மன்னிப்பைச் சொல்லிப் பார்த்து வைத்திருந்தேன், கேட்டதோ வேறு.

"அம்மா எப்படி இருக்காங்க ஜெனி?" என்றேன்.

"அத உன்கிட்ட சொல்ல மாட்டேன்" என்றாள், கோபமே இல்லாமல். வண்டி வந்ததும் குழந்தையை முதலில் ஏற்றிவிட்டுத் தானும் ஏறிப் போய்விட்டாள்.

அந்த அம்மா உயிரோடு இருக்கிறாரா என்பது எனக்கு இன்றும் தெரியாது.