துவைத்துப் பார்த்து வாங்குங்கள்

காலையில் முதலியார்பேட்டை கடையில் ரொட்டி வாங்கிக்கொண்டிருந்தபோது செல்வியின் போன் வந்தது. "சார், ஜமீலாம்மா போயிட்டாங்க" என்றவள், நான் வாயைத் திறப்பதற்குள், இன்று ஆஸ்பத்திரிக்குச் சரக்கு போகும் நாள் என்றும், வண்டியில் ஏற்றிவிட்டுத்தான் சாயந்திரம் அடக்கத்துக்கு வர முடியும் என்றும் சொன்னாள். "அம்மா திட்ட மாட்டாங்கல்ல சார்?" என்று கேட்டாள். ஏற்றாமல் வந்தால்தான் திட்டுவார் என்றேன். அழுதுகொண்டிருந்த இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். கடைக்காரர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

ஜமீலா அம்மாவை அறிந்த உங்களுக்கு இதில் வியப்பு இருக்காது. மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில், தகரக் கூரையின் கீழ், அவருடைய அறக்கட்டளையின் தையல் கூடம் நடக்கிறது. கணவனை இழந்தவர்கள், காது கேளாதவர்கள், நடக்க முடியாதவர்கள் என்று வேறு எங்கும் வேலை கிடைக்காத பெண்கள்தான் அங்கே மெஷினில் உட்கார்ந்திருப்பார்கள். செல்வி அவர்களுக்கு மேற்பார்வை. நான் அரசாங்கக் கொள்முதல் பிரிவில் இருந்தேன். டெண்டர் கவர்களைப் பிரிப்பதும் நிராகரிப்பதும் என் வேலை. இரண்டாவதை இன்னும் நன்றாகச் செய்வேன் என்று ஆபீசில் பெயர்.

எங்கள் அறிமுகமே ஒரு நிராகரிப்பில்தான் ஆரம்பித்தது. ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளுக்கு டெண்டர் விட்டிருந்தோம். அனுப்பும் மாதிரியில் யாருடையது என்று காட்டும் எந்த அடையாளமும் இருக்கக் கூடாது என்பது விதி. அவர்கள் அனுப்பிய விரிப்பின் மூலையில் பச்சை நூலில் மூன்று தையல் இருந்தது. அந்தக் கூடத்தில் ஆளுக்கு ஒரு நிற நூல். எந்தத் தையல் பிரிந்தாலும் தைத்தவளிடமே திரும்பி வர வேண்டும் என்பதற்காக. அந்த நூல் போடாத துணி அவர்கள் கணக்கில் முடிந்த துணியே இல்லை. அதனால் எங்களுக்கு அனுப்பியதிலும் போட்டுவிட்டார்கள். தர்ம காரியம், கண்டும் காணாமல் விடுங்கள் என்றார் பக்கத்து மேசைக்காரர். நான் விடவில்லை. இந்த ஆர்டர் கிடைக்காவிட்டால் கூடத்தைப் பூட்ட வேண்டியதுதான் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். தெரிந்திருந்தாலும் விட்டிருக்க மாட்டேன் என்று நினைக்கிறேன்.

அந்தப் பச்சை நூல் காது கேளாத மேரியுடையது. சென்ற மாதம் ஆஸ்பத்திரியில் ஜமீலா அம்மாவைப் பார்க்கப் போனபோது, அவர் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து விரிப்பின் மூலையைப் புரட்டிக்கொண்டிருந்தார். "மேரி தச்சதுல படுத்திருக்கேன் சார், நல்லாத் தூக்கம் வருது" என்றார். நர்ஸ் படுக்கச் சொல்லியும் கேட்காமல், அடுத்த கட்டில் விரிப்பையும் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் படுத்தார்.

அன்று நிராகரித்த மறுநாள் ஜமீலா அம்மா ஆபீசுக்கு வந்தார். அழுவார், அல்லது யாராவது பெரிய மனிதரின் கடிதத்தோடு வருவார் என்று தயாராக இருந்தேன். இரண்டும் இல்லை. விதியை ஒருமுறை படித்துக் காட்டச் சொன்னார். தப்பு எங்களுடையதுதான் என்றார். பிறகு, ஆஸ்பத்திரித் துணி தினமும் வெந்நீரில் போகிறதே, நீங்கள் மாதிரியைக் கையால் தடவிப் பார்த்தே வாங்குகிறீர்களே, அது எப்படி என்று கேட்டார். "இரக்கப்பட்டு வாங்காதீங்க சார். தொவச்சுப் பாத்து வாங்குங்க" என்று சொல்லிவிட்டு, "மெர்சி" என்று பிரெஞ்சில் நன்றி சொல்லி எழுந்தார். அவருடைய அப்பா பிரெஞ்சுக்காரர் காலத்தில் அரசாங்கக் கச்சேரியில் வேலை பார்த்தவர். மகளுக்குக் கோபம் வந்தால் மட்டும் அந்தச் சொல் வரும் என்று செல்வி பிற்பாடு சொன்னாள்.

அந்த வருஷம் உள்பாவாடையும் தலையணை உறையும் தைத்துத் தெருத் தெருவாக விற்றுக் கூடத்தைக் காப்பாற்றினார்கள். அடுத்த டெண்டருக்கு முன் நடந்த கூட்டத்தில், எல்லா வியாபாரிகளும் இருக்கும்போதே, ஜமீலா அம்மா எழுந்து அதே கேள்வியைக் கேட்டார். இந்தத் தடவை குறிப்பெழுதி மேலே அனுப்பினேன். மாதிரிகளை ஆஸ்பத்திரிச் சலவைக் கூடத்திலேயே முப்பது முறை துவைத்துப் பார்ப்பது என்று புது நிபந்தனை வந்தது.

முடிவு பார்த்த நாள் ஒரு திருவிழா. துவைத்த விரிப்புகளை எண் மட்டும் போட்டுக் கொடியில் வரிசையாகக் கட்டினோம். ஒன்று பாதிக் கட்டிலுக்குக்கூடப் போதாமல் சுருங்கியிருந்தது. இன்னொன்றின் ஓரம் முழுக்கப் பிரிந்து தொங்கியது. ஒன்றே ஒன்று மட்டும் தைத்த அன்று இருந்தது போலவே இருந்தது. அந்த எண்ணுக்குரிய கவரைப் பிரித்துப் பெயரை வாசித்தபோது செல்வி மேரியைக் கட்டிக்கொண்டு குதித்தாள். மாதிரியில் மேரி பழக்கத்தில் நூலைப் போட்டுவிடக் கூடாதென்று, தைத்து முடிக்கும்வரை அவளுடைய பச்சை நூல்கண்டை ஜமீலா அம்மா தன் கைப்பையில் வைத்துப் பூட்டியிருந்தாராம்.

தோற்ற வியாபாரி ஒருவர் சும்மா இருக்கவில்லை. அறக்கட்டளைக்காக நானே நிபந்தனையை வளைத்தேன் என்று புகார் கொடுத்தார். ஆர்டர் நின்றது. விசாரிக்க வந்த அதிகாரி பழைய கோப்பைப் பிரித்தார். மூன்று தையலுக்காக அதே அறக்கட்டளையை நான் நிராகரித்த குறிப்பு, என் கையெழுத்தில், உள்ளே இருந்தது. அதிகாரி அதை இரண்டு முறை படித்தார். என்னை நிமிர்ந்து பார்த்தார். புகார் அன்றே முடிந்தது.

அதைச் சொல்ல மேட்டுப்பாளையம் போனேன். அந்தக் குறிப்பை நினைவுபடுத்த எனக்கே கூச்சமாக இருந்தது. ஜமீலா அம்மா மெஷின்களையெல்லாம் நிறுத்தச் சொல்லி எல்லோருக்கும் சொன்னார், மேரிக்குக் கை ஜாடையில். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "அன்னைக்கு நீங்க எங்கள தள்ளாம வுட்டிருந்தா, இன்னைக்கு என் பொண்ணுங்க ஜெயிச்சத யாரு சார் நம்புவாங்க?" என்றார்.

முப்பது வருட உத்தியோகத்தில் பாராட்டுக் கடிதம் எதுவும் எனக்கு வந்ததில்லை. நான் நிராகரித்த ஒருவர் வாயால் கேட்ட அந்த ஒரு வாக்கியம்தான் என்னிடம் இருக்கிறது. வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.