வாளி ஏறியாச்சா?

என் வீட்டுக்காரரை யாராவது நல்லவர் என்று சொன்னால் எனக்கு இப்போது பற்றிக்கொண்டு வருகிறது. நல்லவர்தான். தொல்லையே அதில்தான். கெட்டவராக இருந்திருந்தால் அந்தப் பிள்ளை முதல் வாரமே என்னிடம் வந்து சொல்லியிருப்பாள், நானும் அவரை நாலு கேள்வி நறுக்கென்று கேட்டிருப்பேன். இவரோ பிள்ளைகளுக்குச் செல்லமான மனிதர். வாயைத் திறந்தால் வேன் முழுக்கச் சிரிப்பு. அந்த வாய்தான் ஒரு ஒன்பது வயதுப் பெண்ணின் சாப்பாட்டைப் பறித்தது. கூடவே உட்கார்ந்து சிரித்தவள் நான்.

பதினோரு வருஷமாக அவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். நான் அதே வேனில் கதவோரம் உட்காருகிறவள். கதவைத் திறப்பது, கையைப் பிடித்து ஏற்றுவது, பையை வாங்கி வைப்பது, இறங்கும்போது பையை மாட்டிவிடுவது எல்லாம் என் வேலை. காலையில் பதினேழு பிள்ளைகள், மாலையில் அதே பதினேழு. அவர்களுக்கு அவர் மாமா, நான் அத்தை.

அதற்கு முன்னால் அவர் லாரி ஷெட்டில் இருந்தார். பதினாலு வயதில் போய்ச் சேர்ந்த இடம். அங்கே யாருக்கும் சொந்தப் பேர் கிடையாது. ஒருவர் ‘ஆயில் கேன்’, ஒருவர் ‘ஸ்பேர் டயர்’, ஒருவர் ‘ஓட்டை சைலன்ஸர்’. இவர் மெதுவாக ஓட்டுவார் என்பதால் ‘செகண்ட் கியர்’. புதிதாக வேலைக்கு வருகிறவனை ஒரு மாதம்வரை ‘ஏய், இந்தா’ என்றுதான் கூப்பிடுவார்கள். பட்டப்பேர் விழுந்த அன்றைக்குத்தான் அவன் ஷெட்டைச் சேர்ந்தவன். எங்கள் கல்யாணத்துக்கு அந்தக் கூட்டம் கொண்டுவந்த பரிசில் ‘செகண்ட் கியருக்கும் அவர் சம்சாரத்துக்கும்’ என்று எழுதியிருந்தது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம். இவருக்குப் பெருமை தாங்கவில்லை.

“அடியே, பேர் வெச்சாத்தான் நம்ம ஆளுன்னு அர்த்தம். இது தெரியாம முகத்தைத் தூக்கி வெச்சுக்கிறியே!” என்றார்.

ஷெட்டை விட்டு வந்தும் அந்தப் பழக்கம் அவரை விடவில்லை. வேனில் ஏறுகிற ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பேர் வைத்தார். எப்போதும் தூங்கி வழிகிறவன் ‘கொட்டாவி’. எதற்கெடுத்தாலும் வாதாடுகிறவள் ‘வக்கீல்’. இரண்டு தடவை ஹாரன் அடித்தால்தான் வீட்டைவிட்டு வெளியே வருகிறவன் ‘ரெண்டு ஹாரன்’. வண்டி எடுக்கும் முன் கண்ணாடியைப் பார்த்து ஒவ்வொரு பேராகக் கூப்பிடுவார். “கொட்டாவி ஏறியாச்சா?” என்றால் “ஏறியாச்சு!” என்று கத்த வேண்டும். கடைசிப் பிள்ளையும் கத்தினால்தான் வண்டி நகரும். அதுதான் எங்கள் வருகைப் பதிவு. ஒரு பிள்ளையையும் நாங்கள் விட்டுவிட்டு வந்ததில்லை என்று அவர் அடித்துச் சொல்லிக்கொள்வார்.

அந்தப் பெண் நாலாம் வகுப்பில் புதிதாக வந்து சேர்ந்தாள். மெலிந்த பிள்ளை, குரலே எழும்பாது. முதல் நாள் காலையிலேயே தன் பாவாடை மேலும் வக்கீலின் ஷூ மேலும் வாந்தி எடுத்துவிட்டாள். பிள்ளைகள் “சீ, சீ” என்று ஜன்னல் பக்கம் ஒதுங்கினார்கள். இவர் வண்டியை ஓரங்கட்டினார். முகம் சுளிக்கவில்லை. தானே தண்ணீர் ஊற்றிச் சீட்டைக் கழுவினார், தன் துண்டை எடுத்து அவளிடம் கொடுத்தார். அதையும் சொல்ல வேண்டும்தானே.

மறுநாள் கடையிலிருந்து ஒரு சின்னச் சிவப்பு வாளி வாங்கிவந்து அவள் சீட்டுக்குக் கீழே மாட்டினார்.

“உனக்குன்னே வாங்கினது. இந்த வேன்ல யாருக்கு இருக்கு தனி வாளி? ராணி மாதிரி உட்காரு,” என்றார். பிறகு கண்ணாடியைப் பார்த்து, “வாளி ஏறியாச்சா?” என்றார்.

வேன் அதிர்ந்தது. அவளும் சிரித்தாள். தலையைக் குனிந்துகொண்டு “ஏறியாச்சு” என்றாள். சும்மா சொல்லக்கூடாது, நானும் விழுந்து விழுந்து சிரித்தேன். பயந்த பிள்ளையை ஒரே நாளில் எல்லோரோடும் சேர்த்துவிட்டாரே, கெட்டிக்கார மனிதர் என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு அவள் வாந்தியே எடுக்கவில்லை. இவருக்குத் தலைகால் புரியவில்லை. “பாத்தியா? நம்ம ஓட்டுறதுல வயித்துத் தண்ணி அசையாது!” என்று பெட்ரோல் பங்க்கில் போய்கூடச் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒருநாள் மாலை அவள் என் முந்தானையை மெல்ல இழுத்தாள்.

“அத்தை, அந்த வாளிய எடுத்துரலாமா? எனக்கு இப்பல்லாம் வர்றதில்ல.”

காதோடு சொன்னதைக் காதோடு வைத்துக்கொள்ள எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். எனக்குத்தான் தொண்டை அப்படி. “ஏங்க, இவளுக்கு வாளி வேணாமாம்!” என்று முன்பக்கம் பார்த்துச் சத்தம் போட்டேன்.

“வாளிய எடுத்துட்டா அப்புறம் இவளை என்னன்னு கூப்பிடுறது?” என்றார் அவர்.

மறுபடியும் சிரிப்பு. அவள் என் முந்தானையை விட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். எங்களிடம் அவள் கேட்டது அந்த ஒரே ஒரு தடவைதான்.

பதினேழு பையும் என் கை வழியாகத்தான் போகும். எது என்ன கனம் என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்வேன். மாலையில் எல்லாப் பையும் லேசாகிவிடும். டப்பா காலி, பாட்டில் காலி. அவள் பை மட்டும் காலையில் வாங்கிய அதே கனத்தில் திரும்பி வரும். எனக்கு அது தெரியும். தெரியவில்லை என்று சொன்னால் என் நாக்கு அழுகிப் போகட்டும். ஒருதடவை கேட்கவும் செய்தேன்.

“ஏண்டி, சாப்பிடலையா?”

“பசிக்கல அத்தை.”

“பசிக்காம என்ன? காத்தைக் குடிச்சுட்டா வளரப் போற?” என்று ஒரு அதட்டு அதட்டிவிட்டுப் பையை மாட்டிவிட்டேன். கடமை முடிந்தது என்று நினைப்பு.

நாலு மாதம் கழித்து, காலைக் கூட்டத்தில் வரிசையில் நின்றபடியே அவள் மயங்கி விழுந்தாள். டாக்டர் பார்த்துவிட்டு, பிள்ளைக்கு நோய் ஒன்றுமில்லை, பட்டினி என்றாராம். அவள் அம்மா மருத்துவமனைச் சலவைப் பிரிவில் வேலை பார்க்கிறவள். விடிவதற்குள் எழுந்து சமைத்து டப்பா கட்டிக் கொடுத்துவிட்டு ஓடுகிறவள். பட்டினி என்ற வார்த்தையைக் கேட்டு அவளுக்கு எப்படி இருந்திருக்கும்!

தலைமை ஆசிரியை ஒவ்வொரு பிள்ளையாகக் கூப்பிட்டு விசாரித்தார். அப்போதுதான் எல்லாம் வெளியே வந்தது. வகுப்பு மூலையில் தரை துடைக்கிற வாளி ஒன்று இருக்கும். அவள் பதில் சொல்ல எழுந்தால் யாராவது அதைக் காலால் அவள் பக்கம் தள்ளுவார்களாம். டப்பாவைத் திறந்தால் “வாளி நிரம்பப் போகுது, ஓடு!” என்று பெஞ்சே காலியாகுமாம். அவள் டப்பாவைத் திறப்பதை நிறுத்தியிருக்கிறாள். திரும்பிக் கொண்டுவந்த சாப்பாட்டை அம்மா வேலை முடிந்து வருவதற்குள் கொட்டிவிடுவாளாம். வேனில் வாந்தி வந்துவிடக் கூடாதென்று காலைச் சாப்பாட்டையும் அம்மாவுக்குத் தெரியாமல் கொட்டியிருக்கிறாள். இவர் ஓட்டியதன் பெருமை இதுதான்.

எங்கள் இருவரையும் கூப்பிட்டு அனுப்பினார்கள். அந்த அறையில் நாலு பையன்கள் சுவரோரம் நின்றிருந்தார்கள். வாளியைத் தள்ளியவன் அழுதுகொண்டே சொன்னான்:

“நாங்க வெச்ச பேர் இல்ல மிஸ். வேன் மாமாதான் தினமும் அப்படிக் கூப்பிடுறாரு. அவளும் ஏறியாச்சுன்னுதானே சொல்றா?”

இவர் தலைமை ஆசிரியை பக்கம் திரும்பினார். “மேடம், அவ சிரிச்சாளே…” என்றார்.

“பதினாறு பேர் சிரிக்கும்போது ஒரு ஒன்பது வயசுக் குழந்தை வேற என்னங்க செய்யும்?” என்றார் தலைமை ஆசிரியை. அவர் குரலை உயர்த்தவில்லை. “இந்தப் பசங்களை நான் பாத்துக்கறேன். நாலு மாசமா வகுப்புல இது எங்க கண்ணுல படலைன்னா அது எங்க தப்பு. ஆனா அந்தப் பேர் உங்க வண்டியிலேர்ந்துதான் இறங்கி வந்துச்சு.”

தலைமை ஆசிரியை நன்றாகத் திட்டியிருக்கலாம். வேலையை விட்டுப் போ என்றிருக்கலாம். அப்படிச் செய்திருந்தால் இவருக்குக் கோபப்படவாவது ஒரு வழி கிடைத்திருக்கும்.

அன்று மாலையே பழம் வாங்கிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனோம். இரண்டாவது மாடி. நடையெல்லாம் ஈரத் துணி தொங்கியது. அவள் அம்மா கதவைப் பாதி திறந்துகொண்டு நின்றாள். உள்ளே வா என்று சொல்லவில்லை.

“பாப்பாகிட்ட ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுட்டுப் போயிடறேம்மா,” என்றார் இவர்.

“எந்தப் பாப்பாகிட்ட?”

“உங்க பொண்ணுகிட்டதாம்மா.”

“அவளுக்குப் பேர் இருக்குல்ல அண்ணா? பேரைச் சொல்லுங்க, கூப்பிடறேன்.”

இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். தினம் இரண்டு வேளை என் கையில் வாங்கிய பை. அதன் மேல் பட்டை எழுத்தில் அவள் பேர் எழுதி ஒட்டியிருந்தது. எனக்கும் வரவில்லை. உள்ளே பாத்திரத்தில் கரண்டி உரசும் சத்தம் கேட்டது, சாப்பிடுகிறாள் போலிருக்கிறது. அந்த அம்மா கொஞ்ச நேரம் காத்திருந்தாள். பிறகு கதவைச் சாத்தினாள். அறைந்து சாத்தவில்லை.

பழத்தைத் திரும்பக் கொண்டுவந்தோம். வீட்டில் அது அழுகும்வரை யாரும் தொடவில்லை.

மறுநாள் அவர் பள்ளி அலுவலகத்தில் பிள்ளைகளின் பேர்ப் பட்டியலை வாங்கிவந்து ஸ்டியரிங் பக்கத்தில் ஒட்டினார். சவரம் செய்யும்போதும் குளிக்கும்போதும் மனப்பாடம் செய்தார். பட்டியலில் அவள் பேர் இருந்தது, பிள்ளைதான் இல்லை. பெரிய சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற வேறு பள்ளியில் அம்மா அந்த வாரமே சேர்த்துவிட்டாள். ஆனாலும் தினம் அந்தப் பேரையும் சேர்த்துத்தான் மனதுக்குள் சொல்லிப் பார்ப்பார். உதடு அசைவது எனக்குத் தெரியும். அந்தப் பேரை நான் இங்கே சொல்லப் போவதில்லை. எங்கள் வாயில் அவள் பட்டது போதும்.

சொந்தப் பேரைக் கூப்பிட்டதும் பிள்ளைகளுக்கு ஒரு மாதிரியாக இருந்தது. “மாமா, என்னைக் கொட்டாவின்னே கூப்பிடுங்க. எனக்குப் பிடிச்சிருக்கு,” என்றான் ஒருவன்.

“பிடிக்கலைன்னா சொல்லுவியா?” என்று கேட்டார் இவர்.

பையன் கொஞ்சம் யோசித்தான். “மாட்டேன்,” என்றான்.

ஆறு மாதம் போயிருக்கும். ஒருநாள் எல்லாப் பள்ளிக்கும் அரை நாள். பிள்ளைகளை எல்லாம் இறக்கிவிட்டுக் காலி வண்டியில் வந்துகொண்டிருந்தோம், நான் முன் சீட்டில். பெரிய சாலைச் சிக்னலில் நின்றபோது இவர் என் தோளை உலுக்கினார்.

“ஏய், அங்க பாரு! அவதானே?”

அவளேதான். வேறு நிறச் சீருடை. கன்னம் கொஞ்சம் பூசினாற்போல் இருந்தது. கூட ஒரு தோழி. இரண்டு பேரும் நடைபாதையில் ஆளுக்கொரு பன் தின்றுகொண்டு, வாய் நிறைய அடைத்துக்கொண்டு, எதற்கோ சிரித்துக்கொண்டு வந்தார்கள். நடுத்தெருவில், எல்லோரும் பார்க்கச் சாப்பிடுகிறாள்! எனக்குக் கண் கலங்கிவிட்டது.

“சாப்பிடுறா பாரு, சாப்பிடுறா!” என்றார் இவர். என் பக்கத்து ஜன்னலுக்குக் குனிந்து அவள் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். எத்தனை நாள் சொல்லிப் பார்த்த பேர்! சாலை இரைச்சலில் அவளுக்குக் கேட்கவில்லை. இன்னொரு தடவை கூப்பிட்டார். திரும்பவில்லை. சிக்னல் மாறப் போகிறது. இவருக்குப் பதற்றம். மூன்றாவது தடவை தொண்டை கிழியக் கத்தினார்.

“வாளீ!”

அவர் வேண்டுமென்று சொல்லவில்லை. சத்தியமாக வேண்டுமென்று சொல்லவில்லை. இத்தனை வருஷம் பழகிய வாய், அவசரத்தில் தனக்குத் தெரிந்ததைச் சொல்லிவிட்டது.

அவள் சட்டென்று திரும்பினாள். தோழியும் திரும்பினாள்.

“வாளியா? யாருடி அது? யாரைக் கூப்பிடுறாங்க?” என்று தோழி சிரித்தது என் ஜன்னல்வரை கேட்டது.

அவள் எங்களைப் பார்த்தாள். என்னையும் பார்த்தாள், அவரையும் பார்த்தாள். கத்தாதீர்கள் என்று கெஞ்சுகிற பார்வை அது.

“தெரியல,” என்று அவள் உதடு தோழியிடம் அசைந்தது.

கையிலிருந்த பாதிப் பன்னைக் காகிதத்தில் சுற்றினாள். பையைத் திறந்து உள்ளே வைத்து ஜிப்பை இழுத்து மூடினாள். தோழியின் கையைப் பிடித்துக்கொண்டு வேகமாக நடந்தாள்.

சிக்னல் பச்சை விழுந்து, பின்னால் வண்டிகள் ஹாரன் அடித்தன. இவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அசையாமல் இருந்தார். “எடுங்க,” என்று நான்தான் சொன்னேன்.

இப்போது பட்டியலை நான் படிக்கிறேன். அவர் வேனில் வாயே திறப்பதில்லை. மாமாவுக்குத் தொண்டை கட்டியிருக்கிறதா என்று பிள்ளைகள் என்னிடம் கேட்கிறார்கள். மாலையில் ஒவ்வொரு பையையும் கொஞ்ச நேரம் கையில் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் மாட்டிவிடுகிறேன். கனமாக இருந்தால் பிள்ளையைத் தனியாக அழைத்து, காதோடு கேட்கிறேன். அந்தப் பன்னை அவள் அப்புறம் சாப்பிட்டாளா என்பது மட்டும் எனக்குத் தெரியாது.