தாதியிடம் சொன்ன உண்மை

மலேசியத் தோட்டமொன்றில் கூலிகளை வேலை வாங்கும் மண்டோராக இருந்த என் மாமனாருக்குப் பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. வலது கையில் மட்டும் பலம் குறையவில்லை. நான் ஊட்டிய கஞ்சி சுடுகிறதென்று ஒருநாள் கிண்ணத்தாலேயே என் நெற்றியில் அடித்தார்.

தஞ்சோங் காராங் கிளினிக்கில் தையல் போட்ட தமிழ்த் தாதி, "எப்படிக்கா பட்டுச்சு?" என்று கேட்டாள்.

"பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டா லா," என்று என் கணவர் முந்திக்கொண்டார்.

"இல்ல, மாமா அடிச்சாரு," என்றேன்.

"சீக்காளிதானே, பொறுத்துக்குங்கக்கா," என்றாள் தாதி.

காரில் கணவர், "அப்பா மானத்த வாங்கிட்டியே!" என்று பொரிந்து தள்ளினார்.

"இனிமே நீங்களே ஊட்டுங்க," என்றேன். வீட்டு வாசலில் என்னை இறக்கிவிட்டு, வேலை இருக்கிறதென்று போய்விட்டார். உள்ளே மாமா பசியில் கத்திக்கொண்டிருந்தார். நான்தான் ஊட்டினேன். அன்று அவர் அடிக்கவில்லை. அதற்குப்போய் மனசுக்குள் நன்றி சொன்னேனே, அதுதான் இன்னும் கசக்கிறது.